ஓர் எழுத்து காணாமற்போனால்



1969இல் பிரெஞ்சு மொழியில் ஒரு நாவல் வந்தது. கிட்டத்தட்ட 300 பக்கம். ஏ, பீ, சீ வரிசையில் ஐந்தாவதாக வரும் ‘ஈ’ அதில் ஓரிடத்திலும் இல்லை. பிரெஞ்சில் ஆகக் கூடுதலாகப் பாவிக்கும் எழுத்தே அதுதான். எழுதியவர் ஜோர்ஜ் பெரெக். 1960இல் எழுத்தாளர்களும் கணிதக்காரரும் சேர்ந்து தொடங்கிய ‘உலிப்போ’ குழுவில் பின்னர் சேர்ந்தவர். கிளித்தட்டுக்குக் கோடு கீறுவதுபோல, தங்களுக்குத் தாங்களே விதி போட்டு அதற்குள் நின்று எழுதுவது அவர்கள் வழி.

வேலையற்ற வேலை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பெரெக் எத்தீம் பிள்ளை. போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பம். (யூதர் என்றதும் சிலருக்கு முகம் சுருங்கும். பிள்ளை பிள்ளைதான்.) நாலு வயதில் தகப்பன் போரில் இறந்தார். 1943இல் நாசிகள் தாயை அவுஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அவருக்கு ஏழு வயதும் நிரம்பவில்லை. தாய் திரும்பவில்லை. அந்த எழுத்து இல்லாவிட்டால் பிரெஞ்சில் தாய் என்று எழுத முடியாது, தகப்பன் என்று எழுத முடியாது, குடும்பம் என்றும் எழுத முடியாது. ஜோர்ஜ் பெரெக் என்ற பெயரிலேயே அது நாலு தரம் வருகிறது. அந்த எழுத்தைச் சொல்லும் ஓசையும் ‘அவர்கள்’ என்ற சொல்லின் ஓசையும் அங்கே ஏறத்தாழ ஒன்று.

நாவலின் தலைப்பு ‘காணாமற்போதல்’ என்று பொருள்படும். போர் முடிந்தபின் தாய்க்காக அரசாங்கம் கொடுத்த பத்திரத்திலும் இதே சொல்தான். எங்கள் நாட்டிலும் காணாமற்போனவர்களுக்கென்று ஒரு சான்றிதழ் 2016இல் சட்டமாக வந்தது. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராத வீடுகளுக்கு அந்தச் சொல்லின் பாரம் தெரியும்.

தமிழுக்கும் இது புதிதல்ல. கலாசாலையில் சித்திரகவி படித்தபோது நிரோட்டகம் வந்தது. உதடு ஒட்டாமல், குவியாமல் பாட வேண்டும். ப, ம, வ வரக்கூடாது. உம்மாவும் வாப்பாவும் அந்தப் பாட்டுக்குள் நுழைய முடியாது. நாங்கள் அதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கிவிட்டு விட்டோம்.

சென்ற மாதம் தரம் 9 பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வைத்தோம். ‘ம’ வரிசையில் ஓர் எழுத்தும் வராமல் உங்கள் வீட்டைப் பற்றி எழுதுங்கள். உம்மா, மகன், மண், மழை, மௌத்து ஒன்றும் கிடையாது. ‘நாங்களும்’ என்றுகூட எழுத முடியாது. முதல் பத்து நிமிடம் ஒரே சிரிப்பு, ஒருவர் கொப்பியில் மற்றவர் ‘ம்’ பிடித்துக் கொடுத்தார்கள். பிறகு சத்தம் அடங்கியது. பாடமாக்கிய வசனம் ஒன்றும் உதவாது என்று தெரிந்துவிட்டது.

தமிழ்ப் பாடத்தில் என்ன விளையாட்டு என்று சில பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். கோபமில்லை. புள்ளியைப் பற்றிய பயம் நியாயமானது. ஒரு பிள்ளை எழுதியதை, அவரிடமும் வீட்டிலும் கேட்டுக்கொண்டு, பெயரில்லாமல் இங்கே போடுகிறோம்:

“இப்போது தேநீர் ஊற்றுவது வாப்பா. சீனி கூடிப்போகிறது. சீனி அளவு தெரிந்த கை கட்டாரில் இருக்கிறது.”

இதே பிள்ளை சென்ற தவணைப் பரீட்சையில் எழுதிய ‘எனது தாய்’ கட்டுரையும் எங்களிடம் இருக்கிறது. ஒன்றரைப் பக்கம், முழுப் புள்ளி. கட்டார் என்ற சொல் அதில் இல்லை.