மூன்றாவது நகல்

எங்கள் மம்சாபுரம் வீட்டு அலமாரியில் 'நாஸ்' என்ற சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். காலமான என் தாயாரின் குரல் அதில்தான் இருக்கிறது. ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் அது எழுதிக்கொள்ளும். ஒன்று மாண்டாலும் மற்றது காப்பாற்றும்.

"அப்புறம் என்ன கவலை, அண்ணாச்சி?" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கவலை உண்டு. கைதவறி ஒரு பாட்டை அழித்தால் இரண்டிலுமே அழியும். இடி விழுந்தால் இரண்டுமே போகும். ஆகவே மூன்றாவது நகல் மதுரையில் தங்கை வீட்டில் இருக்கிறது.

மாதம் ஒருமுறை டிஸ்க்கின் 'ஸ்மார்ட்' கணக்கைப் பார்க்கிறேன். கெட்டுப்போய் மாற்றிவைக்கப்பட்ட செக்டர்கள் எத்தனை என்று அது சொல்லும். பூஜ்யமென்றால் நிம்மதி, மாதாமாதம் ஏறினால் புது டிஸ்க் வாங்க வேண்டியதுதான். மதுரை நகலிலிருந்து ஒரு பாட்டைப் போட்டுக் கேட்பதும் உண்டு. திறந்து பார்க்காத நகலை நம்பக் கூடாது.

இது கண்மாய் ஊர். கரையில் எலிவளை இருக்கிறதா என்று கோடையிலேயே பார்த்துவிட வேண்டும். மழை வந்தபின் பார்த்துப் பயனில்லை. உ.வே. சாமிநாதையர் (1855–1942) தேடிப்போன இடங்களில் எத்தனையோ சுவடிகள் செல்லரித்துக் கிடந்தன. கிடைத்தவை, யாரோ பொறுமையாகப் புது ஓலையில் பிரதி செய்து வைத்தவை. அவர்கள் பெயர்கூடப் பெரும்பாலும் நமக்குத் தெரியாது.