மலையேறும் பழைய ஜீப்... வாசலிலேயே வைத்தியம்!

விடியற்காலை நாலரை மணி. தேனி மாவட்டம், போடிநாயக்கனூரில் ஜீப்புகள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்குகின்றன. கையில் தூக்குவாளி, தலையில் சுற்றிய துண்டு, மழைக்குப் போர்த்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தாள் எனத் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் முக்குக்கு முக்கு காத்திருக்கிறார்கள். சில ஜீப்புகள் சாவியைத் திருகியதும் கிளம்பிவிடுகின்றன. சிலவற்றை நாலு பேர் தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருக்கிறது.

ஊரைத் தாண்டினால் முந்தல். அங்கே குரங்கணிக்கு ஒரு சாலை பிரிகிறது. இன்னொரு சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டைத் தொடுகிறது. மெட்டைத் தாண்டினால் கேரள மாநிலம், இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை, சூரியநெல்லி என்று கண்ணுக்கு எட்டிய வரை ஏலமும் மிளகும் தேயிலையும்தான். நிலம் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம் என்று இருக்கிற குடும்பங்கள் இங்கே ஏராளம்.

இந்த மலையில் விளைவதைக் கீழே இறக்குவது என்றைக்குமே பெரும்பாடுதான். நூறு ஆண்டுகளுக்கு முன், மூணாறு பக்கத்துத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்தது. அங்கிருந்து ரோப்வேயில் தொங்கியபடி மலையடிவாரத்துக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்குப் போனது. 1924-ம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவான வில்லிஸ் ஜீப்பை, 1947-ல் பம்பாயில் மகேந்திரா நிறுவனத்தார் பூட்டித் தரத் தொடங்கினார்கள். அந்த வம்சத்தில் வந்த மேஜர், கமாண்டர் வண்டிகள்தான் இன்றைக்கும் இந்த மலையின் சுமைதாங்கிகள். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும், வண்டியில் போக வேண்டுமானால் கேரளத்தைச் சுற்றி, சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் கல் பாதையில் காருக்கு வேலையில்லை. ஜீப்தான் ஏறும்.

வாசல் தெளிக்கும்போது தெரிந்த சேதி

போடிமெட்டுக்கு அருகே 3 ஏக்கரில் ஏலம் வைத்திருக்கிறார் ஒரு விவசாயி. அவருடைய ஜீப்புக்கு வயது 25-ஐத் தாண்டிவிட்டது. மூன்றாவது கையாக வாங்கியது. காய் எடுப்பு நடக்கும் மாதங்களில் அந்த ஜீப் ஒரு நாள் படுத்தால், நஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. பறித்த பச்சைக்காயை அன்றைக்கே ஸ்டோருக்குக் கொண்டுபோய் உலர்த்த ஆரம்பிக்க வேண்டும். சாக்கில் கிடந்து வெந்துபோனால் பச்சை நிறம் மங்கும். நிறம் மங்கினால் ஏலத்தில் விலை மங்கும். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய் காய்ந்தால்தான் 1 கிலோ ஏலக்காய் கிடைக்கிறது. அந்த ஒரு கிலோவுக்குத்தான் வருஷம் முழுக்கப் பாடு.

அந்த வீட்டில் ஜீப்பின் முதல் மெக்கானிக் விவசாயி அல்ல, அவருடைய மனைவி. ராத்திரி வண்டி நிற்கும் இடத்தில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவைப்பது அவர் பழக்கம். காலையில் வாசல் தெளிப்பதற்கு முன் அந்த அட்டையைப் பார்த்துவிடுவார்.

"கறுப்பா இருந்தா இன்ஜின் ஆயில். கெட்டியா, ஒரு மாதிரி கந்தக வாடை அடிச்சா கியர் ஆயில், இல்லேன்னா கிரவுன் ஆயில். மூக்குல ஏறுற வாடையோட சட்டுனு பரவியிருந்தா டீசல். பச்சையோ செவப்போ தண்ணியாட்டம் இருந்தா ரேடியேட்டர். சக்கரத்துக்கு உள்பக்கம் வெளுப்பா, வழுவழுனு ஒரு சொட்டு இருந்தாலும் அன்னிக்கு வண்டி கெளம்பக் கூடாது. அது பிரேக் ஆயில்" என்று விரல்விட்டு எண்ணுகிறார்.

எடுப்பு மும்முரமாக இருந்த ஒரு நாள், இடது பின் சக்கரத்துக்கு நேரே அப்படி ஒரு ஈரம் இருந்தது. பானெட்டைத் திறந்து பார்த்தால், பிரேக் ஆயில் டப்பாவில் அளவு கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. தோட்டத்தில் ஏழு சாக்கு பச்சைக்காய் தயாராக இருந்தது. ஸ்டோர் இருப்பதோ இறக்கத்தில்.

"ஆயிலை ஊத்திக்கிட்டு மெதுவா போயிட்டு வந்துடுறேன்" என்றார் விவசாயி.

"என்னங்க, ஏழு சாக்கும் போனாப் போகட்டும். இறக்கத்துல பிரேக்கு போனா நம்ம எங்க போறது?" என்றார் மனைவி.

பக்கத்துத் தோட்டக்காரரின் ஜீப்பை வாடகைக்குப் பிடித்துக் காயை அனுப்பினார்கள். மெக்கானிக் வந்து டிரம்மைக் கழற்றியபோது, வீல் சிலிண்டருக்குள் இருந்த ரப்பர் பிய்ந்து, பிரேக் கட்டை முழுக்க ஆயிலில் ஊறிப்போயிருந்தது. "அண்ணே, இதோட ரெண்டு வளைவு இறங்கியிருந்தா மிதி தரையத் தொட்டிருக்கும்" என்றார் மெக்கானிக். ஆயில் குடித்த பிரேக் கட்டையைத் துடைத்துப் போடுவது பிரயோஜனமில்லை. இரண்டு பின் சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றினார்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

சாயங்காலத்து அரைமணி நேரம்

அந்த நாளுக்குப் பிறகு, தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் ஜீப்புக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி, அதுவும் ஒரு வேலை. கல்லூரியில் படிக்கும் மகன் லீவில் வந்தால் கிரீஸ் கன் அவன் கைக்குப் போய்விடும்.

இந்தப் பழைய ஜீப்பில் சாதாரண ஸ்பேனர் செட்டை வைத்தே பாதி வேலையை முடித்துவிடலாம். அடியில் படுத்துப் பார்த்தால், புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட்டுகள், ஸ்பிரிங் பட்டைகளின் ஷேக்கிள், ஸ்டீயரிங் முனைகள் என்று பல இடங்களில் கிரீஸ் நிப்பிள் இருக்கும். துணியால் நிப்பிளைத் துடைத்துவிட்டு, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி, புதுசு எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும். ஓடை தாண்டி ஓடும் ஜீப்புக்கு மழைக்காலத்தில் இதை வாரம் ஒரு முறையாவது செய்கிறார்கள். கியர் போடும்போது அடியில் 'டக்' என்று சத்தம் கேட்டால், ஜாயின்ட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஓடைத் தண்ணீர் கிரவுனுக்குள் போயிருந்தால், ஆயில் பால் கலந்த காபி மாதிரி ஆகிவிடும். அதை அப்படியே ஓட்டினால் பல் சக்கரமும் பேரிங்கும் சீக்கிரம் போகும். அடி போல்ட்டைக் கழற்றி முழுக்க வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்ற வேண்டியதுதான். கிரவுன் மேலே இருக்கும் பிரீதர் சேறு அடைத்திருந்தால் அதையும் சுத்தம் செய்ய வேண்டும். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் சீல் வழியாக உள்ளே இழுக்கப்படும்.

பழைய டீசல் ஜீப்புகள் பலவற்றில் ஏர் ஃபில்டர் அடியில் ஆயில் கிண்ணம் இருக்கும். காற்றில் வரும் தூசு அந்த ஆயிலில் படிகிறது. கோடையில் கிண்ணத்தைக் கழற்றினால், அடியில் சேறு மாதிரி தங்கியிருக்கும். அதை வழித்துவிட்டு, டீசலில் கழுவி, குறியிட்ட அளவு வரை மட்டும் இன்ஜின் ஆயில் ஊற்ற வேண்டும். அதிகமாக ஊற்றினால் இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சும்.

டீசல் தீர்ந்து, நடுக்காட்டில் நின்றுபோன ஜீப்பில் டீசல் ஊற்றினாலும் சில நேரம் கிளம்பாது. குழாயில் காற்று புகுந்திருக்கும். டீசல் ஃபில்டர் மேலே இருக்கும் ஸ்குரூவைச் சற்றுத் தளர்த்தி, கை பம்ப்பை அழுத்திக்கொண்டே இருந்தால் நுரை நுரையாக வரும். நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் ஸ்குரூவை இறுக்கிவிடலாம். பத்து நிமிட வேலை. இது தெரியாமல் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரியைக் காலி செய்தவர்கள் அதிகம்.

வடித்த பழைய ஆயிலை அந்த வீட்டில் ஒரு கேனில் சேர்த்து, கீழே போகும்போது பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். ஓடையிலோ ஏலத்தூரிலோ அது ஒரு சொட்டு விழக் கூடாது என்பதில் கண்டிப்பு. அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழே இருக்கும் ஊர்கள் குடிக்கின்றன.

ஜாக்கிக்கு முன் கல்

வீட்டில் வேலை செய்யும்போது ஆளைக் காவு வாங்குவது ஜாக்கிதான். பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக், சக்கரத்தைப் பிடிப்பதில்லை. பின் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிய நொடியில், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருளலாம். அதனால் சமதரையில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்த பிறகுதான் ஜாக்கி வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. ஆக்சிலுக்கு அடியில் கனத்த மரக்கட்டையை அடுக்கி, பாரத்தை அதில் இறக்கிய பிறகே உள்ளே போக வேண்டும்.

பிரேக், ஸ்டீயரிங் இரண்டையும் வீட்டில் பிரிப்பதில்லை என்பது அந்த வீட்டுச் சட்டம். கசிவைக் கண்டுபிடிப்பதோடு வீட்டு வைத்தியம் முடிந்துவிடுகிறது. அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலையோ டீசலையோ பிரேக் டப்பாவில் ஊற்றினால் ரப்பர்கள் உப்பி, மொத்த பிரேக்கும் வீணாகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. ஈரம் ஏறிய ஆயில், நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் மிதி 'பொசுக்' என்று உள்ளே போய்விடும். டப்பா நிறைய ஆயில் இருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை முழுக்க மாற்றுவது நல்லது.

ஏறின கியர்லதான் இறங்கணும்

போடிமெட்டு டிரைவர்கள் புதிதாக ஓட்ட வருபவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம் இதுதான்: "தம்பி, எந்தக் கியர்ல ஏறுவியோ அந்தக் கியர்லயே இறங்கு." டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டால், மொத்தப் பாரமும் பிரேக் மேல் விழும். ஓடையைத் தாண்டியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி, டிரம்மைக் காயவைக்க வேண்டும். சேற்றிலும் கல் பாதையிலும் போடும் நாலு சக்கர இழுவையைத் தார்ச் சாலைக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் டயரும் ஜாயின்ட்டும் தேயும்.

எவ்வளவு பராமரித்தாலும், ஆட்களை அடைத்து ஏற்றினால் எந்த ஜீப்பும் தாங்காது. தோட்ட ஆட்களோடு ஜீப் கவிழ்ந்த துயரங்களை இந்த மலை நிறையப் பார்த்திருக்கிறது. சொந்த உபயோக ஜீப்பில் கூலிக்கு ஆள் ஏற்றினால், இன்சூரன்ஸ் இழப்பீடும் சிக்கலாகிவிடும். அப்படிப்பட்ட வண்டிக்கு 15 ஆண்டுகள் முடிந்த பிறகு, 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டியை அதிகாரியிடம் காட்ட வேண்டும். தினமும் கவனிக்கும் வீட்டுக்கு அன்றைக்குப் பதற்றம் இருப்பதில்லை.

சாயங்காலம் பனி இறங்குகிறது. மகன் கிரீஸ் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறான். அம்மா புது அட்டையொன்றை ஜீப்புக்கு அடியில் தள்ளிவிட்டு, நாலு மூலைக்கும் கல் வைக்கிறார். நாளைக்கு எடுப்பு இருக்கிறது.

வீட்டில் தினமும் பார்க்க வேண்டியவை

* காலையில் அட்டையில் சொட்டு இருக்கிறதா, என்ன நிறம், எந்த இடம்.
* இன்ஜின் ஆயில் அளவு: சமதரையில், வண்டி கிளப்புவதற்கு முன்.
* ரேடியேட்டர் தண்ணீர்: இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டுமே மூடியைத் திறக்க வேண்டும்.
* பிரேக் ஆயில் அளவு. குறைந்திருந்தால் ஊற்றுவதோடு விடாமல், எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும்.
* வண்டி நகர்வதற்கு முன் பிரேக் மிதியை அழுத்திப் பார்ப்பது. கெட்டியாக நிற்க வேண்டும்.
* வீல் நட்டுகள், ஸ்பிரிங் பட்டையின் யூ-போல்ட்டுகள் இறுக்கமாக உள்ளனவா.
* டயரில் வெட்டு, ஸ்டெப்னியில் காற்று.