கிளார்க்கின் யுத்தக் கதைகளும் எங்கட ஊர் வாசகர்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கிறவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டில் கூடி என்ன கதைக்கிறீர்கள் என்று பலர் கேட்டுவிட்டார்கள். யுத்தக் கதை என்று சொன்னால், "யுத்தம் முடிஞ்சு இத்தனை வருசம், இன்னும் என்னத்துக்கு சேர் அந்தக் கதை?" என்று அடுத்த கேள்வி வருகிறது. இந்தப் பதிவு அந்த இரண்டாவது கேள்விக்காக.

நாங்கள் வாசித்தது ஆர்தர் சி. கிளார்க்கின் "எக்ஸ்பெடிஷன் டு ஏர்த்" என்ற சிறுகதைத் தொகுதி. 1953இல் வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு கிளார்க் பொது அறிவு வினாத்தாளில் வருகிற ஒரு பெயர்தான். 1945இலேயே செய்மதித் தொடர்பு பற்றி எழுதியவர், 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறியவர், மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தவர் என்று ஐந்து புள்ளிக்கு எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் அவர் பிரித்தானிய விமானப்படையில் ரேடார் வேலை பார்த்தவர் என்பது வினாத்தாளில் வராது. இந்தத் தொகுதியை வாசித்தால் அது தெரியும். 11 கதைகளில் 6 யுத்தத்தையோ ஆயுதத்தையோ சுற்றித்தான் நடக்கின்றன. "2001: எ ஸ்பேஸ் ஒடிஸி" படத்துக்கு விதையாக இருந்த கதையும் இதில்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஆட்களுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "சந்திரனில் ஒரு பிரமிட், அதுக்குப் பிறகு?" என்று விட்டுவிட்டார்கள்.

புத்தகம் ஆங்கிலத்தில் என்பதால் நான் கதையைத் தமிழில் சொல்வேன். முடிந்தவர்கள் முதலே வாசித்துவிட்டு வருவார்கள்.

அதிகம் சண்டை பிடித்தது "சுப்பீரியோரிட்டி" கதைக்கு. விண்வெளியில் இரண்டு பக்கங்களுக்கு யுத்தம். யார், எந்த நாடு, எதற்காக என்று எதுவும் கிடையாது. தோற்ற பக்கத்துத் தளபதி சிறையிலிருந்து வாக்குமூலம் கொடுக்கிறார். தங்கள் விஞ்ஞானம்தான் உயர்ந்தது, அதனால்தான் தோற்றோம் என்கிறார். நோர்டன் என்ற பேராசிரியர் வந்து பழைய ஆயுதங்களை ஓரங்கட்டி, புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். அது பாவனைக்கு வர முன்னர் எதிரி பழைய கப்பல்களைக் கூடுதலாகக் கட்டிவிடுகிறான். பிறகு யுத்தத்தைக் கணக்குப் பார்க்கிற ஒரு இயந்திரம். அதற்குள் கிட்டத்தட்ட 10 லட்சம் வால்வுகள், அதைப் பார்த்துக்கொள்ள 500 தொழில்நுட்பவியலாளர்கள். கடைசியில் வருகிற கண்டுபிடிப்பு கப்பல்களையே மெல்ல உருமாற்றிவிடுகிறது, ஒன்றின் பாகம் மற்றதற்குப் பொருந்தாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு காலத்தில் வடிவமைப்புப் படிக்கிற மாணவர்களுக்கு இந்தக் கதையைக் கட்டாய வாசிப்பாகக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏ.எல். படிக்கிற தம்பி ஒருத்தர் முதலில் கையைத் தூக்கினார். "சேர், கதை பிழை. எங்கட நாட்டில ஆயுதம் கூடின பக்கம்தானே வென்ற?"

நல்ல கேள்வி. பதில் சொன்னது நான் இல்லை, வாப்பாவோடு கடலுக்குப் போய் வளர்ந்த கணித சேர். கடற்புலிகளிடம் இருந்தது என்ன? பைபர் போட்டும் அவுட்போர்ட் இயந்திரமும். கூட்டமாக வந்து, நடுவில் ஒரு தற்கொலைப் படகை விட்டு, இஸ்ரேலில் வாங்கின டோரா படகுகளைத் திணறடித்தார்கள். நேவி கடைசியில் என்ன செய்தது? இன்னும் பெரிய கப்பலைத் தேடிப் போகவில்லை. வெலிசறையில் 23 அடி பைபர் படகுகளை நூற்றுக்கும் மேல் கட்டி, "ஏரோ" என்று பெயர் வைத்து, அவர்களைப் போலவே கூட்டமாக இறங்கியது. "நம்மட கரையில மீன் ஏத்துற போட்தான் அது. துவக்கு மட்டும்தான் வித்தியாசம்" என்றார். கிளார்க் 1951இல் எழுதிய கதை எங்கள் கடலில் 2007, 2008இல் நடந்தது என்பது அவருடைய கட்சி.

பாண்டிருப்பிலிருந்து வருகிற தமிழ் ஆசிரியர் ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார். அவர் அதற்கு மேலே போனார். 2007 மார்ச் 26இல் புலிகளின் விமானம் கட்டுநாயக்காவில் குண்டு போட்டதை நினைவுபடுத்தினார். சின்ன ஸ்லின் விமானம். "அண்டைக்கு எங்கட பக்கம் சில பேர் சந்தோசப்பட்டது உண்மை. எனக்கு இப்ப இந்தக் கதையைக் கேட்கேக்க, நோர்டன் எங்கட பக்கமும் வந்திருக்கிறார் போல என்றுதான் படுகுது." அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஒரு முஸ்லிம் வீட்டில் இருந்துகொண்டு ஒரு தமிழர் அதைச் சொல்வது லேசான காரியம் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தேத்தண்ணி கொண்டுவந்த வீட்டுக்கார ராத்தா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர். "அவ்வளவு கப்பல் அழிஞ்சதே, அதுக்குள்ள இருந்தவங்கட உம்மாமார் யாரும் கதைக்குள்ள வரல்லையா சேர்?" என்றார். இல்லை, வரவில்லை. கிளார்க்கின் கதைகளில் பெண்களே அபூர்வம். சண்டை பிடிக்கிறவனும் கணக்குப் பார்க்கிறவனும்தான் இருக்கிறார்கள். கப்பல்கள் எண்ணிக்கையாக அழிகின்றன. இந்தத் தொகுதியைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனம் எனக்குத் தெரிந்து இல்லை.

"ஹைட் அண்ட் சீக்" கதைக்கு நாங்கள் ஒளிச்சுப் பிடிச்சு என்று பெயர் வைத்தோம். ஒரு உளவாளி சிறிய விண்கலத்தில் தப்பி ஓடுகிறான். பின்னால் சூரிய மண்டலத்திலேயே வேகமான போர்க்கப்பல். செவ்வாயின் துணைக்கோளான போபோஸில் விண்வெளி உடுப்போடு குதித்து, தன் கலத்தைத் தனியே அனுப்பிவிடுகிறான். போபோஸ் சின்னஞ்சிறிய கோள், குறுக்களவு ஏறத்தாழ 22 கிலோமீற்றர். கல்முனையில் பஸ் ஏறி அக்கரைப்பற்றில் இறங்குகிற தூரம்தான். அவ்வளவு பெரிய கப்பலால் அந்தச் சின்னக் கோளைச் சுற்றி லேசாகத் திரும்ப முடியாது. கப்பல் ஒரு பக்கம் வந்தால் இவன் மறுபக்கம். ஒரு தனி மனிதன் கப்பலைத் தோற்கடிக்கிறான்.

பெடியன்களுக்கு இதுதான் உயிர். பப்ஜி விளையாடுகிறவர்கள் வேறென்ன சொல்வார்கள். எங்கள் தம்பி எழும்பி நின்று, மேசையில் இருந்த தோடம்பழத்தைப் போபோஸாக வைத்து, எப்படி ஒளிவது என்று காட்டினார்.

பாண்டிருப்பு சேர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, 1990 ஜூனில் ஆமி கல்முனைக்குள் வந்தபோது தனக்கு 12 வயது என்றார். வளவில் ஒரு பெரிய கிணறு, உயரமான கட்டு. சப்பாத்துச் சத்தம் வலது பக்கம் கேட்டால் இடது பக்கம், இடது பக்கம் கேட்டால் வலது பக்கம். "நான் கிணத்தைச் சுத்தினன். அண்ணா வீட்டுக்குள்ள இருந்தவர்." அதற்கு மேல் சொல்லவில்லை.

கொஞ்சம் பொறுத்து எங்கள் ஓய்வுபெற்ற அதிபர் பேசினார். அதே ஜூனில் கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸ்காரர்களை இயக்கம் கொண்டுபோய்ச் சுட்டது. அவர்களில் எங்களவர்களும் இருந்தார்கள். ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர். "ஓடுறவனுக்குத்தான் சேர் ஒளிய இடம். ஸுஜூதில இருக்கிறவன் எங்க ஒளியிற?"

இந்த ஊரில் இப்படியான பேச்சு வழமையாக எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு இத்தனை, எங்களுக்கு இத்தனை என்று கணக்குத் தொடங்கும். பிறகு பிரதேச செயலகம் வரும், எல்லை வரும், ஆள் எழும்பிப் போய்விடுவார். அன்று அது நடக்கவில்லை. இரண்டு பேரும் செவ்வாயைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியவர்கள். எதிர்க்கட்சியாக உட்காரவில்லை. எனக்குத் தெரிந்த காரணம் அவ்வளவுதான். எங்கள் ஊர் உமா வரதராஜனின் "அரசனின் வருகை" நினைவுக்கு வந்தது. அழிந்துபோன ஊரைப் பார்க்க ஒரு அரசன் வருகிற கதை. ரொக்கட் இல்லாமலே அவர் அந்த வேலையைச் செய்துவிட்டார். இந்த மண்ணில் யுத்தத்தை நேராகச் சொல்ல முடியாத காலங்களில் அரசனும் செவ்வாயும் கைகொடுக்கிறார்கள்.

தம்பிக்கு 1990 என்றால் ஒன்றும் தெரியாது. ஓ.எல். வரலாற்றுப் புத்தகத்தில் அவர் அதைப் படித்ததில்லை. "எனக்கு அந்த வெள்ளிக்கிழமை ராச் சத்தம் மட்டும்தான் தெரியும் சேர்" என்றார். 2019 ஏப்ரல் 26, சாய்ந்தமருது வொலிவேரியன். அந்த வீட்டில் 15 பேர், அதில் 6 சிறுவர்கள். அவருக்கு அப்போது 11 வயது. தோடம்பழத்தை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டார்.

அதிபர் போகும்போது என் தோளில் கைவைத்து, "இதெல்லாம் பேஸ்புக்கில போட்டுராதீங்க மகன்" என்றார். அவர் பயப்படக் காரணம் இருக்கிறது. புத்தளத்தில் ஆசிரியராக இருந்த அஹ்னாப் ஜஸீம் "நவரசம்" என்ற கவிதைத் தொகுதிக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒரு தமிழ்க் கவிதைப் புத்தகத்தைச் சரியாக வாசிக்க மூன்றரை வருடம் எடுத்த நாடு இது. இதை எழுத அதிபரிடமும் பாண்டிருப்பு சேரிடமும் பிறகு அனுமதி வாங்கினேன். இரண்டு பேரும் பெயர் போடவேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள்.

பூமியை மறந்தால் என்ற பொருளில் தலைப்பிட்ட கதைதான் தொகுதியிலேயே சிறந்தது என்பது என் அபிப்பிராயம். சந்திரனில் ஒரு குடியிருப்பு. 10 வயது மாவினை அவனுடைய வாப்பா முதன்முதலாக வெளியே கூட்டிக்கொண்டு போகிறார். வானத்தில் பூமி பிறைபோல நிற்கிறது. அதன் இருண்ட பக்கம் மினுங்குகிறது. அணு யுத்தத்தின் நஞ்சு. தன் காலத்தில் அங்கே திரும்ப முடியாது, தன் பேரப்பிள்ளைகள்தான் திரும்பிப் போவார்கள், என்றோ ஒரு நாள் தன் மகனையும் இதே இடத்துக்குக் கூட்டிவந்து காட்டவேண்டும் என்று பிள்ளைக்கு விளங்குகிறது. தலைப்பு பைபிளின் 137ஆம் சங்கீதத்திலிருந்து வந்தது, பாபிலோனுக்குச் சிறைபோன யூதர்கள் ஜெரூசலத்தை நினைத்துப் பாடியது. அதைச் சொன்னதும் ஒருவர் காஸாவுக்குப் போய்விட்டார். மஃரிப் பாங்கு சொல்லும்வரை வேறு கதை இல்லை.

அடுத்த வாரம்தான் எங்கள் டீச்சர் ஒருவர் வாய் திறந்தார். அவருடைய குடும்பம் மன்னார் எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் அவர்களும் உண்டு. இவர் பிறந்தது புத்தளம் முகாமில். கலியாணம் முடித்து இங்கே வந்தவர். "எல்லாரும் இந்தக் கதைக்கு அழுறீங்க. எனக்குக் கோவம்தான் வருது" என்றார். "எங்கட வாப்பாவும் ஒவ்வொரு ராவும் இதைத்தான் செஞ்சார். எருக்கலம்பிட்டிக் கிணத்துத் தண்ணி, எருக்கலம்பிட்டிப் பள்ளி. நாங்க இருந்த இடம் எங்களுக்கு ஊரே இல்லாமப் போயிட்டு. பஸ் ஸ்டாண்ட்ல பிறந்து வளர்ந்த மாதிரி. அந்தப் பிள்ளைக்குச் சந்திரன்தானே ஊர்? அதை ஏன் அவனுக்கிட்ட இருந்து பறிச்ச?"

அவருடைய வாப்பா 2009க்குப் பிறகு திரும்பிப் போனார். வளவில் காடு மண்டிக் கிடந்தது. இப்போது அங்கேதான் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் பெருநாளைக்குப் போய் இரண்டு நாள் நின்றுவிட்டு வருகிறார்கள்.

இதற்கு நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. கிளார்க் கதையைப் பிறையோடு நிறுத்திவிட்டார். திரும்பிப் போனவனுக்கு என்ன நடக்கும், போக விரும்பாத பிள்ளையை என்ன செய்வது என்பது அவருடைய புத்தகத்தில் இல்லை. அதை எழுதவேண்டியவர் அந்த டீச்சர் என்று சொன்னேன். "முதல்ல கொப்பி திருத்தி முடிக்கணும் சேர்" என்றார்.

கிளார்க்குக்கு ஒரு நியாயம் சொல்லியாகவேண்டும். எங்கள் யுத்தத்தின் பெரும்பகுதிக் காலம் அவர் கொழும்பில்தான் இருந்தார். 2007 டிசம்பரில் தன் 90ஆவது பிறந்த நாளுக்கு ஒரு வீடியோவில் மூன்று ஆசைகளைச் சொன்னார். வேற்றுக் கிரகத்தில் உயிர் இருப்பதற்கு அத்தாட்சி, எண்ணெய்க்குப் பதிலாகச் சுத்தமான சக்தி, மூன்றாவது இலங்கையில் நிலையான சமாதானம். 2008 மார்ச் 19இல் மௌத்தானார். துவக்குச் சத்தம் நின்றது 2009 மேயில். மூன்றாவது ஆசை நிறைவேறியதா என்று தம்பி கேட்டார். கணித சேர், "சத்தம் நின்ற ஒரு கணக்கு, சமாதானம் இன்னொரு கணக்கு" என்றார். பாண்டிருப்பு சேர் தலையாட்டினார்.

வருகிற வெள்ளி "லூப்ஹோல்". பூமிக்காரர்கள் ரொக்கட் கட்டக்கூடாது என்று செவ்வாய்க்காரர்கள் தடை போடுகிறார்கள், பூமிக்காரர்கள் வேறு வழி கண்டுபிடித்துச் செவ்வாயையே அழித்துவிடுகிறார்கள். கிளார்க் அதைப் பகிடியாக எழுதியிருக்கிறார். ராத்தா என்ன சொல்வார் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன். இம்முறை அவர் கதவடியில் நிற்கமாட்டார், கதிரை போட்டாயிற்று. வர விரும்புகிறவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். ஆங்கிலம் தெரியவேண்டும் என்று இல்லை.