கடுகுப் பை

2022 ஏப்ரல் 14 ஊர்வலத்தில் கோஷம் போடும் வேலை எனக்கு. வலது கையில் மைக். 'புரட்சியாளர் அம்பேத்கர்' என்று சொல்லி நான் இடது கையை உயர்த்தவேண்டும், கூட்டம் 'வாழ்க' என்று சொல்லும். நேரு வீதி முனையில் திரும்பும்போது கொஞ்சம் வேகமாகவே உயர்த்திவிட்டேன். கையோடு சேர்ந்து என் இடது மார்பும் மேலே ஏறித் தோளுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. பின்னால் வந்த காலனிப் பையன்கள் ரெண்டு பேர் பார்த்துவிட்டார்கள். அவர்கள் சிரித்திருந்தால் திட்டிவிட்டு நடந்திருப்பேன். சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மேலே ஏறியது கடுகுப் பை. பழைய பாவாடைத் துணியில் அம்மா தைத்துக் கொடுத்தது. உள்ளே கால் கிலோ கடுகு. கடுகுதான் சரி, அரிசியென்றால் குத்தும், பஞ்சு கனமில்லாமல் காற்றாடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு பாகூர் பக்கத்து அம்மாள். டாக்டர்கள் யாரும் சொல்லவில்லை. வெயில் காலத்தில் வேர்வையில் ஊறிக் கடுகு முளைவிடப் பார்க்கும், வாரம் ஒருமுறை மாற்றவேண்டும். கடையில் விற்கிற சிலிக்கான் மார்பை விசாரித்தேன். விலையைக் கேட்டுவிட்டுக் கடுகோடு திரும்பிவந்தேன்.

2019-ல் எனக்கு முப்பத்திரண்டு வயசு. இடது மாரில் கட்டி. புற்றுநோய் என்றார்கள். முழுசாக எடுத்துவிடலாம் என்றார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். அக்குளில் நெறிகட்டிகளுக்குப் பரவவில்லை, அதனால் கதிர்வீச்சு தேவைப்படவில்லை, மருந்து ஏற்றியதோடு முடிந்தது. ஆறு தடவை. கடைசித் தடவைகள் ஊரடங்குக்குள் வந்தன. முடி கொட்டியது, முளைத்தது. அந்தக் கதையை எழுத இப்போது எனக்கு விருப்பமில்லை, அது எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பக்கத்துக் கட்டிலில் என் வயசுப் பெண். ஊர்த்தெருவில் வசதியான வீடு, அப்பா வக்கீல். அவளிடம் டாக்டர் நின்று நிதானமாகப் பேசினார்: பிற்பாடு மார்பைத் திரும்ப அமைத்துக்கொள்ளலாம், தோலை எவ்வளவு விட்டுவைத்தால் நல்லது, இப்படியெல்லாம். எனக்கும் அதே நோய், அதே கத்தி. என் கட்டிலுக்கு வந்ததும், 'உயிர் பொழச்சுதே, அத நெனைச்சு சந்தோஷப்படும்மா' என்றார். அவர் கெட்டவரில்லை. என்னைப் பார்த்ததும் இவளுக்கு உயிர் போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அவ்வளவுதான்.

எம்.ஏ. தமிழில் சிலப்பதிகாரம் படித்தவள் நான். கண்ணகி திருகி எறிந்ததும் இடது முலைதான். வகுப்பில் பேராசிரியர் அந்தச் சொல்லை உச்சரிக்கமாட்டார், 'கொங்கை' என்பார். முலைகள் என்று தலைப்பு வைத்து 2002-ல் குட்டி ரேவதி கவிதைத் தொகுப்பு கொண்டுவந்தபோது தமிழறிஞர்கள் குதித்த குதி இதை வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும். எறிந்த இடத்தில் ரத்தம் எப்படி நின்றது, அவள் எப்படி நடந்தாள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை, கற்பு பற்றிப் பத்து மார்க் கேள்விக்கு எழுதினோம். அவளுக்குப் பதினாலாம் நாள் வானத்திலிருந்து விமானம் வந்தது. எனக்குப் பதினாலாம் நாள் தையல் பிரித்தார்கள்.

மார்பைத் திரும்ப அமைப்பது பற்றி எனக்கு அதற்கு முன்பே தெரியாமலில்லை. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மார்பகத்தைப் பெரிதாக்குவதையும் குறைப்பதையும் இலவசமாகச் செய்துகொடுக்கும் பிரிவைத் தமிழக அரசு தொடங்கியது. அழகு சிகிச்சை ஏழைகளுக்கு மட்டும் ஏன் கிடைக்கக்கூடாது என்று அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் கேட்டார். உயிர்காக்கிற சிகிச்சை எவ்வளவோ கிடக்க அரசாங்கத்துக்கு இது தேவையா என்று எதிர்ப்பு வந்தது. நானும் எதிர்த்தேன். டீக்கடையில் உட்கார்ந்து கேலி பேசினேன். அடுத்த வருஷம் என் மார்பை எடுத்தார்கள். அந்த டீக்கடைப் பேச்சு இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

ஊர்வலம் முடிந்த மறுவாரம் முடிவெடுத்தேன். முதலில் சொன்னது அமைப்பின் மூத்த தோழரிடம். அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'பெண்ணுடல் சரக்காக்கப்படுதுன்னு நீதானம்மா கட்டுரை எழுதுன' என்றார். பிறகு, 'கல்யாணமும் வேணாங்கற. யாருக்கு வெச்சிக்கப்போற?' என்றார். யாருக்கு என்ற இந்தக் கேள்வியை அதற்குப்பின் ஒரு இருபது பேராவது கேட்டிருப்பார்கள். பல் கட்டிக்கொள்கிறவரை யாருக்கு என்று கேட்பதில்லை. தோழரே மேல்வரிசை கட்டியிருக்கிறார். மரியாதை கருதிச் சொல்லவில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஆயாவைப் பற்றிப் பேசினாள். ஆயா கழனி வேலைக்குப் போன காலத்தில் ரவிக்கை போட்டுக்கொண்டு ஆண்டை வீட்டுக் களத்தில் நிற்கமுடியாது. தாத்தாவுக்கு மில்லில் வேலை கிடைத்துப் பாண்டிச்சேரி டவுனுக்கு வந்தபிறகுதான் ஆயா முதல் ரவிக்கை தைத்தாளாம். தெருவில் நடக்கும்போது எல்லோரும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்ததாம், திறந்து கிடந்த காலத்தில் அப்படி இருந்ததில்லையாம். இது என் குடும்பத்துக்கு மட்டும் நடந்ததில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது என்று போகும் அந்தப் பட்டியலில், பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக்கூடாது என்பதும் ஒன்று. ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி தன் புத்தகத்தில் அதைப் பதிந்துவைத்திருக்கிறார். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் அடி வாங்கி, துணி கிழிபட்டு, 1859-ல் ராஜாவிடமிருந்து உத்தரவு வாங்கினார்கள். அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது என்று நிபந்தனை.

எங்கள் மார்பு திறந்திருக்கவேண்டுமா மூடியிருக்கவேண்டுமா என்று ஊரான் தீர்மானித்தான். அது இல்லாமலே இருக்கலாம் என்று டாக்டர் தீர்மானித்தார். இருப்பது பிற்போக்கு என்று தோழர் தீர்மானிக்கிறார். எனக்கு ரெண்டு பக்கமும் சமமாக ரவிக்கை போடவேண்டும், கையை உயர்த்தினால் எதுவும் நகரக்கூடாது. இதற்கு மேல் பெரிய தத்துவம் எதுவும் அப்போது என்னிடம் இல்லை.

பயம் இருந்தது. எதிர்வீட்டில் சொல்தா பென்ஷன் வாங்குகிற பாட்டி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த புருஷன் செத்தபிறகு அவருடைய பென்ஷன் பாட்டிக்கு வருகிறது, நாள் முழுக்க பிரெஞ்சு டி.வி. பார்க்கும். அதுதான் கூப்பிட்டுச் சொன்னது: 'அங்க கண்ட ஜெல்ல ரொப்பி ஆயிரக்கணக்கான பொம்பளைங்களுக்கு வெச்சிட்டானுவ. இன்னா கம்பெனின்னு கேட்டுட்டு வெச்சிக்கோடி.' தேடிப் படித்தேன். பாட்டி சொன்னது சரி. தென் பிரான்சில் இருந்த பி.ஐ.பி. என்ற கம்பெனி, மருத்துவத்துக்கு அனுமதியில்லாத மலிவான தொழிற்சாலை சிலிக்கானை மார்பு உறைகளில் நிரப்பி உலகம் முழுக்க விற்றிருக்கிறது. 2010-ல் பிடிபட்டது. 2011 டிசம்பரில், பிரான்சில் மட்டும் சுமார் 30,000 பெண்களை அதை எடுத்துவிடச் சொன்னது அந்த அரசு. முதலாளிக்கு 2013-ல் நாலு வருஷம் சிறைத் தண்டனை.

இன்னொன்றும் படித்தேன். சிலிக்கான் மார்பு முதன்முதலில் வைக்கப்பட்டது 1962-ல், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில், டிம்மி ஜீன் லின்ட்சி என்ற பெண்ணுக்கு. தொழிற்சாலை வேலை, ஆறு பிள்ளைகள். தர்மாஸ்பத்திரிக்கு அவள் போனது மார்பில் குத்தியிருந்த பச்சையை எடுக்க. புதுசாக ஒன்று வைத்துப் பார்க்கலாமா என்று டாக்டர்கள் கேட்க, அதோடு என் காதையும் சரிசெய்து தருவீர்களா என்று கேட்டாளாம். அவளுக்கு வேண்டியிருந்தது காதுதான். பணக்காரிகளின் அழகு முதலில் ஏழை உடம்பில்தான் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. தோழரிடம் இதைச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

பணத்துக்கு வருகிறேன். சென்னையில் ஒரு அரசு மருத்துவமனை. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு பாண்டிச்சேரி ரேஷன் கார்டுக்குக் கிடையாது. நோய்க்கு எல்லை இல்லை, கார்டுக்கு கோரிமேட்டிலேயே எல்லை. அறுவைக்குக் காசில்லை, ஆனால் உள்ளே வைக்கிற பொருளை வெளியே வாங்கித் தரச்சொன்னார்கள். போக்குவரத்து, சோதனை எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டியது. அப்பா வேலைபார்த்த ஏ.எஃப்.டி. மில்லை 2020-ல் இழுத்து மூடிவிட்டார்கள், அவரிடம் இல்லை. மகளிர் குழுவில் அம்மா கடன் எடுத்தாள். காரணம் என்ற கட்டத்தில் 'தையல் மிஷின்' என்று எழுதியிருக்கிறது. குழுத் தலைவிக்கு விஷயம் தெரியும். அவள்தான் அப்படி எழுதச் சொன்னவள்.

முதல்முறை போனபோது ரத்தம் ஒன்பதுதான் இருந்தது. மயக்க மருந்து டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். இரும்பு மாத்திரை, முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல் என்று ரெண்டு மாசம். வலது மார்பை மாமோகிராம் எடுத்தார்கள். ஒப்புதல் தாள் இங்கிலீஷில் இருந்தது. தமிழில் சொன்னால்தான் கையெழுத்து என்றேன். நர்ஸ் முறைத்தாள். வந்த இளம் டாக்டர் பெண் உட்கார்ந்து வரி வரியாகச் சொன்னாள்: சீழ் பிடிக்கலாம், உள்ளே வைத்ததைச் சுற்றி உடம்பு தானே ஒரு சவ்வு கட்டும், அது இறுகினால் கல்லாகிவிடும், உறை கிழியலாம், சாகும்வரை உழைக்கும் பொருள் இல்லை, பின்னால் மாற்றவேண்டி வரலாம், உணர்ச்சி திரும்பி வராது. இவ்வளவையும் கேட்டபிறகு கையெழுத்துப் போட்டேன்.

ரெண்டு அறுவை. 2023 பிப்ரவரியில் முதலில் நெஞ்சுத் தசைக்கு அடியில் ஒரு காலிப் பையை வைத்தார்கள். ஒட்டிப்போன தோல் ஒரே நாளில் இடம் கொடுக்காதாம். ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி வழியாக அதில் உப்புநீர் ஏற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் பாண்டியிலிருந்து ஈ.சி.ஆர். பஸ், திரும்பி வரும்போது மகாபலிபுரம் தாண்டியதும் நெஞ்சு இறுகிக் கல் கட்டினாற்போல் வலிக்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவேன். ஆகஸ்டில் பையை எடுத்துவிட்டு நிரந்தரமானதை வைத்தார்கள், சமமாக இருக்க வலது பக்கமும் சின்னதாக ஒன்று. அன்று காலை டாக்டர் என்னை நிற்கவைத்து மார்க்கர் பேனாவால் மார்பில் கோடு போட்டார். படுத்தால் சரிந்துவிடும், அதனால் நின்றுதான் போடவேண்டுமாம். போடுமுன், 'தொடலாமா?' என்று கேட்டார். என் முப்பத்தாறு வயசில் என் மார்பைத் தொடுமுன் அனுமதி கேட்ட முதல் ஆள்.

பிறகு வந்தது வலி. அதை எழுதத் தெரியவில்லை. ரெண்டு பக்கமும் குழாய், நுனியில் டப்பா. சிவப்பாக வடியும் நீரை அம்மா தினம் காலையில் அளந்து நோட்டில் எழுதினாள். முப்பது மில்லிக்குக் கீழே இறங்கினால்தான் குழாயை எடுப்பார்கள். அம்மா மூணாவது வரை படித்தவள், அந்த நோட்டில் எண்கள் அச்சடித்த மாதிரி இருக்கின்றன. ஆறு வாரம் மல்லாந்து படுக்கவேண்டும், குடம் தூக்கக்கூடாது, கை தோளுக்கு மேலே போகக்கூடாது. தலை பின்ன முடியாது. வாணரப்பேட்டையில் எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர் வாசலோடு சரி, குடம் தூக்காமல் ஒருநாளும் ஓடாது. தெருப் பெண்கள் முறை வைத்துத் தூக்கினார்கள். நீ செய்தது சரி என்று அவர்களில் யாரும் சொன்னதில்லை. தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு சுவரில் விரலால் ஊர்ந்து ஊர்ந்து கையை மேலே ஏற்றும் பயிற்சி. தினம் எட்டிய உயரத்தில் கரித்துண்டால் கோடு. அந்தக் கோடுகளை இன்னும் வெள்ளையடிக்கவில்லை.

கனவு கண்டதுபோல் இருக்கிறதா என்றால் இல்லை. இடது பக்கம் ஒரு விரற்கடை மேலே நிற்கிறது. காம்பு கிடையாது, அதற்கு இன்னொரு அறுவை, இன்னொரு கடன், வேண்டாமென்று விட்டுவிட்டேன். தொட்டால் தெரியாது. மார்கழியில் உடம்பெல்லாம் சூடாக இருக்கும்போது இது மட்டும் பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடக்கும். கம்பெனிப் பெயரும் வரிசை எண்ணும் போட்ட அட்டையை ரேஷன் கார்டோடு தகரப்பெட்டியில் வைத்திருக்கிறேன். சொல்தா பாட்டி அதை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்து, 'நம்ம பிரான்சுக்காரன் இல்ல, நல்லது' என்று திருப்பிக் கொடுத்தது.

போன மாசம் ஒரு ராத்திரி கதவைத் தட்டினாள், மூணாவது தெருவில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்கா. அவளுக்கும் ஒரு பக்கம் எடுத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாது, தெருவில் யாருக்குமே தெரியாது. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, 'காட்டு' என்றாள். விளக்கடியில் ரவிக்கையை அவிழ்த்துக் காட்டினேன். மாவு வாசம் அடிக்கும் விரலால் ரெண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தாள்.

'சில்லுன்னு கீதுடி' என்றாள். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு, 'குழுவுல வட்டி எவ்ளோ போட்டாங்க?' என்று கேட்டாள்.