தொப்பிக்குள் ஒரு பெயர்

பிரான்ஸ் தேசத்தின் வடமேற்கே, கடலுக்குள் நீண்டு கிடக்கும் தீபகற்பத்தில் ஸேன்த் மேர் எக்லீஸ் என்றொரு சிற்றூர் உண்டு. பசும்புல் வெளியும் பால் மாடுகளும் நிறைந்த சாதுவான ஊர். ஆயினும் அவ்வூர் மாதாகோயில் கோபுரத்தை அண்ணாந்து நோக்குபவர் திடுக்கிடுவர். பாராசூட் சிக்கி, ஒரு சிப்பாய் அங்கே தொங்குகிறான்! அது வெறும் பொம்மைதான். 1944-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி, இருள் விலகுமுன் வானிலிருந்து குதித்த அமெரிக்கப் படையினருள் ஜான் ஸ்டீல் என்பவர் அக்கோபுரத்தில் மாட்டிக்கொண்டு, செத்தவர்போல் நடித்து உயிர் பிழைத்ததை அது நினைவூட்டுகிறது.

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பல நாட்டு ஆர்வலர்கள் இங்கே கூடுகின்றனர். அக்காலச் சிப்பாய்களின் உடை தரித்துப் பழைய ஜீப்புகளில் உலா வருகின்றனர். பழம்பொருள் சேகரிப்போரும் வருகின்றனர். இவ்விரு சாராரும் மிகுந்த சிரத்தையுடன் ஆராயும் பண்டம் ஒன்று உண்டு. அது வெளியே தெரியாத உள்தொப்பி.

எம்-1 என்னும் அமெரிக்கத் தலைக்கவசம் 1941-இல் ஏற்கப்பட்டது. அது ஒன்றனுள் ஒன்றாய்ப் பொருந்தும் இரண்டு தொப்பிகளால் ஆனது. வெளியே இருப்பது மாங்கனீஸ் கலந்த எஃகு. உள்ளே இருப்பது முதலில் அட்டைநாரால் செய்யப்பட்டது. ஈரத்திற்கு அது தாங்காமற் போகவே, பருத்தித் துணியைப் பிசினில் தோய்த்து, சூடேற்றி அழுத்தி வார்த்தனர். அதனுள்ளே நாடாப் பட்டைகள் ஆணியால் இறுக்கப்பட்டிருக்கும். நெற்றியைச் சுற்றி ஒரு தோல் பட்டையும் உண்டு. இரும்பின் சுமையைத் தலையில் அழுத்தாமல் தாங்குவன இவையே.

எண்பது ஆண்டுகளில் நாடா இற்றுப்போகிறது, ஆணி துருவேறுகிறது, தோல் வறண்டு வெடிக்கிறது. இங்கேதான் பழுது பார்ப்பவனுடைய விவேகம் சோதனைக்குள்ளாகிறது. மென்மையான தூரிகையால் தூசியைத் துடைக்கலாம். தோலை நீரில் ஊறவைத்தலோ, எண்ணெயில் மூழ்கடித்தலோ கூடாது. ஆணியைத் துளைத்தெடுத்துப் புதிய நாடா பூட்டினால் பார்வைக்கு அழகாயிருக்கும்; ஆனால் பழைமை போய்விடும்.

போவது பழைமை மட்டுமன்று. சிப்பாய்கள் பலர் அத்தோல் பட்டையில் தம் பெயரையோ, பெயரின் முதலெழுத்துடன் படை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையோ மையால் எழுதி வைத்தனர். கிழிந்த தோலென்று அதைக் குப்பையில் எறிபவன், ஒரு மனிதனின் கடைசி அடையாளத்தையே எறிந்துவிடக்கூடும். இன்னொரு தீங்கும் உண்டு. பாராசூட் வீரரின் உள்தொப்பி அரிது, விலையும் அதிகம். ஆகவே சாதாரணத் தொப்பியில் அவர்களுக்குரிய மோவாய் வார்களைப் பொருத்தி, பழையதென்று விற்கும் வஞ்சகரும் உள்ளனர்.

நேர்மையான வழி எளியது. வேஷம் தரிப்பவர், போருக்குப் பின் ஏராளமாய்ச் செய்யப்பட்ட உள்தொப்பிகளில் புதிய நாடாவைப் பூட்டி அணியலாம். போர்க்களம் கண்டதைப் பெரிதும் உள்ளபடியே விட்டுவைக்க வேண்டும். மாற்றியே தீரவேண்டுமாயின், கழற்றிய துண்டையும் உடன் வைத்து, மாற்றிய விவரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்.

மாதாகோயிலுக்கு அருகே 1964-இல் திறக்கப்பட்ட பொருட்காட்சிசாலை இருக்கிறது. அங்கே செல்லும் அன்பர்கள் விமானத்தையும் கிளைடரையும் கண்டு வியப்பதோடு நில்லாமல், தொப்பிகளின் உட்புறத்தையும் சற்று உற்று நோக்குவார்களாக. வியர்வைக் கறை படிந்த அந்தத் தோலுக்கு, அதை அணிந்தவனுக்கு என்ன வயது இருந்திருக்கும் என்று நம்மை எண்ண வைக்கும் சக்தி இருக்கிறது.