எறும்புக்குப் பத்து வேணும்

ஒரு நோய்க்கு நாம் வைத்த பெயரைப் பார்த்தால், அதை எங்கே நின்று பார்த்தோம் என்று தெரிந்துவிடும். மலேசியத் தமிழர்களுக்கு அது இனிப்புநீர். மலாய்க்காரர்களுக்குக் கென்சிங் மானிஸ். அதுவும் இனிப்பான மூத்திரம்தான். ஆயுர்வேதத்தில் மதுமேகம். 1674இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் நோயாளியின் சிறுநீர் தேன்போல இனிப்பதாக எழுதினார். டயாபெட்டிஸோடு ஒட்டியிருக்கும் மெல்லிட்டஸ் என்ற சொல்லிலும் அதே தேன்தான். எல்லாரும் ஒரே இடத்தில்தான் நின்றிருக்கிறார்கள்: சர்க்கரை உடம்பை விட்டு வெளியே வரும் வாசலில்.

சுங்கை பாக்காப் பக்கம் தாத்தா வேலை செய்த தோட்டத்திலும் அதே வாசல்தான். லயத்து வீட்டுக்குப் பின்னால், ஒருவர் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தால் அவருக்கு நோய் இருக்கிறது. மொய்க்காவிட்டால் இல்லை. தாத்தாவுக்கு மொய்த்தது. கடைசியில் வலது காலை எடுத்தார்கள். அதைப் பார்த்து வளர்ந்த அப்பா, ஐம்பத்தைந்து வயதிலும் "எனக்கு எறும்பு வரல, அப்புறம் என்ன?" என்பார். தாமான் வீட்டுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. பிளஷ் டாய்லெட்டுக்கு எறும்பு எங்கிருந்து வரும் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

தங்கச்சி தாதிமை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பரீட்சை நேரத்தில் அவளிடம் கேள்வி கேட்பது என் வேலை. பேத்தோபிசியாலஜி நோட்டில் இனிப்புநீருக்கு ஒரு பட்டியல் இருந்தது: அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், அதிகப் பசி, எடை குறைதல். நான் எஞ்சினியர். ஏன் என்று தெரியாமல் ஒரு பட்டியல் என் மண்டையில் நிற்காது. "இதெல்லாம் ஏன் வருது?" என்று கேட்டேன். அவள் ஒரு சிறுநீரகம் வரைந்தாள்.

சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும்போது சர்க்கரையும் சேர்ந்து இறங்குகிறது. ஆனால் அங்குள்ள நுண்குழாய்கள் அதைத் திரும்ப ரத்தத்துக்கே எடுத்துக்கொடுத்துவிடும். அந்த வேலைக்கு ஓர் எல்லை உண்டு. ரத்தச் சர்க்கரை சுமார் 10 மில்லிமோலைத் தாண்டினால் எடுத்துக்கொடுக்க முடியாமல் மிச்சம் சிறுநீரில் வழிகிறது. வழியும் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் அடிக்கடி சிறுநீர். தண்ணீர் போவதால் தாகம். ரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உயிரணுக்களுக்குள் போவதில்லை. அதனால் பசி, இளைப்பு. நான்கு அறிகுறியும் ஒரே சங்கிலி.

"சரி, வெறும் வயித்துல எவ்வளவு இருந்தா நோய்?"

"ஏழு."

ஏழுக்கும் பத்துக்கும் நடுவே இருப்பவருக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. சாப்பிட்ட பின் கொஞ்ச நேரம் பத்தைத் தாண்டினாலும் யாரும் கவனிக்கப் போவதில்லை. வயது ஏற ஏற அந்த எல்லையும் மேலே போகும் என்றாள் தங்கச்சி. என் தொழிற்சாலையில் ஒரு மெஷின் ஏழில் பழுதாகி, அலாரம் பத்தில்தான் அடிக்கும் என்றால் அந்த அலாரத்தைக் கழற்றி வீசியிருப்போம். உடம்பில் அதைத்தான் அறிகுறி என்று பரீட்சைக்கு எழுதுகிறோம். முதல் அறிகுறி 'ஒன்றுமில்லை' என்று எழுதினால் மார்க் கிடைக்காது.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. இந்தியர்களிடையே மட்டும் 31.4 விழுக்காடு. கல்யாண விருந்தில் ஒரு மேசைக்குப் பத்துப் பேர் உட்கார்ந்தால், மூன்று பேர்.

அப்பாவின் சாப்பாடு தாத்தாவின் சாப்பாடுதான். அதே சோறு, அதே பால் டின் ஊற்றிய தேத்தண்ணி. தாத்தா அதைத் தோட்டத்தில் நடந்தே எரித்தார். சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. அப்பாவோ தொழிற்சாலை கேட்டில் பன்னிரண்டு மணிநேரம் நாற்காலியில் இருக்கும் காவலாளி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேத்தண்ணிக்கு முன்னால் தங்கச்சி அப்பாவின் விரலைக் குத்தினாள். 7.9.

"எறும்பு வரலியேம்மா."

"எறும்புக்குப் பத்து வேணும்பா. நமக்கு ஏழு போதும்."

விரலில் குத்திப் பார்த்ததை வைத்து முடிவு சொல்லக் கூடாது, கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் அவளே சொன்னாள். இரண்டு வாரம் வாதாடி அழைத்துப் போனோம். ரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது.

பிறகு பாதத்தைப் பார்த்தார்கள். உடம்பிலேயே நீளமான நரம்புகள் காலுக்குப் போகிறவை. சர்க்கரை பெரும்பாலும் முதலில் அரிப்பது அவற்றைத்தான். தாதி அப்பாவைக் கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் இழையை ஒவ்வோர் இடமாக வைத்து, அது வளையும்வரை அழுத்தினார். தொட்டது தெரிந்தால் "ஆமா" என்று சொல்ல வேண்டும். வலது பாதத்தில் எல்லா இடத்துக்கும் "ஆமா" வந்தது. இடது பாதத்துக்குப் போனார். பெருவிரலில் ஒருமுறை. விரலுக்குக் கீழே ஒருமுறை. மறுபடியும் பெருவிரலில்.

அப்பா கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்: "இன்னும் ஆரம்பிக்கலியா?"