லிண்ட்பெர்க்கின் முதல் விமானம்: 1922 முதல் 1926 வரை ஒரு நாள்வரிசை

1922 ஏப்ரல் 1, லிங்கன், நெப்ராஸ்கா

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிப்பைப் பாதியில் கைவிட்ட சார்லஸ் லிண்ட்பெர்க், இருபதாவது வயதில், நெப்ராஸ்கா ஏர்கிராஃப்ட் கார்ப்பரேஷன் நடத்திய பறத்தல் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். அக்காலத்து அமெரிக்காவில் விமானம் ஓட்ட மத்திய அரசின் உரிமம் தேவைப்படவில்லை. வான்வணிகச் சட்டம் 1926இல்தான் நிறைவேறியது. ஆகவே பள்ளி கற்பித்ததே பாடத்திட்டமாகவும், பள்ளி போதும் என்று சொன்னதே தேர்ச்சியாகவும் இருந்தன என்பதை மனத்திற்கொண்டே பின்வரும் நாள்களை வாசிக்க வேண்டும்.

1922 ஏப்ரல் 9

லிங்கன் ஸ்டாண்டர்டு என்னும் ஈரிறக்கை விமானத்தில், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக இரு இறக்கை அடுக்குகள் கொண்ட விமானத்தில், ஓட்டோ டிம் என்ற விமானி ஓட்ட, பயணியாக அமர்ந்து முதன்முறையாக வானேறினார்.

1922 மே, ஜூன்

ஏறத்தாழ எட்டு மணி நேரப் பறத்தல் பயிற்சிக்குப் பின்னர், ஆசிரியர் உடனில்லாமல் மாணவர் தாமே விமானத்தை மேலேற்றி இறக்கும் தனிப்பறப்புக்கு அவர் ஆயத்தமாகியிருந்தார். ஆனால் விமானம் சேதமடைந்தால் ஈடுகட்டுவதற்கான பிணைத்தொகையை அவரால் கட்ட இயலவில்லை, பள்ளியிடமிருந்த ஒரே பயிற்சி விமானமும் விற்கப்பட்டது. எஞ்சிய வழி, ஊர் ஊராகச் சென்று வேடிக்கை காட்டிய விமானிகளுடன் உதவியாளராகச் சேர்வதுதான். அவர்களோடு இறக்கையின் மேல் நடந்து காட்டினார், பாராசூட்டில் குதித்தார், எஞ்சின் பழுது பார்த்தார். பறத்தல் கற்க வந்தவர் விமானத்தைச் செலுத்துவது தவிர மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார் எனலாம். இவற்றுள் இரண்டு, எஞ்சின் அறிவும் பாராசூட் பழக்கமும், பின்னாளில் அவருக்குப் பெரிதும் பயன்பட்டன.

1923 மே, அமெரிக்கஸ், ஜார்ஜியா

முதல் உலகப்போர் முடிந்தபின் அமெரிக்க இராணுவம் வேண்டாமென்று கழித்த விமானங்கள் சௌதர் ஃபீல்டு என்னும் களத்தில் விற்கப்பட்டன. கர்ட்டிஸ் ஜேஎன்-4, மக்கள் வழக்கில் ஜென்னி, அங்கே லிண்ட்பெர்க் 500 டாலருக்கு வாங்கிய விமானம். புதிய எஞ்சினும், கூடுதலாக 20 கேலன் எரிபொருள் கொள்ளும் தொட்டியும் அந்த விலைக்குள் அடங்கின.

இத்தேர்வைச் சற்று நின்று ஆராயலாம். ஜென்னியின் உடல் மரச்சட்டத்தால் ஆனது. அதன்மேல் துணி போர்த்தி, அத்துணி இறுகி விறைப்பதற்கும் ஈரம் புகாமலிருப்பதற்கும் டோப் என்னும் பூச்சு பூசப்பட்டது, இறக்கைகளின் விறைப்பைக் கம்பிகள் காத்தன. இதனால் வயலில் இறங்கும்போது சட்டம் முறிந்தாலும் துணி கிழிந்தாலும், மரவேலை அறிந்த ஒருவர் உள்ளூர்க் கொட்டகையிலேயே சரிசெய்ய முடிந்தது. போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கில் உற்பத்தியான வகையாதலால் உதிரிப்பாகங்கள் மலிவாகவும் பரவலாகவும் கிடைத்தன. அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 75 மைல். மெதுவாகவே தரையிறங்கும் இயல்புடையதால், ஓடுதளமில்லாத மேய்ச்சல் நிலமே அதற்குப் போதுமானதாக இருந்தது.

குறைகளும் சிறியவையல்ல. ஓஎக்ஸ்-5 என்னும் அதன் எஞ்சின் எட்டு உருளைகளும் நீர்க்குளிர்ப்பும் கொண்டு 90 குதிரைத்திறன் தந்தது. ஆயினும் உருளைக்குள் எரிபொருளைப் பற்றவைக்கும் மின்பொறியை உண்டாக்கும் மேக்னெட்டோ அதில் ஒன்றே ஒன்றுதான் இருந்ததால், அது பழுதானால் எஞ்சின் முழுவதுமே நின்றுவிடும். பாரம் ஏற்றினால் உயரம் பிடிக்கத் திணறும். தரையில் நிறுத்துவதற்குத் தடைக்கருவி கிடையாது. வாலடியிலிருந்த கட்டை மண்ணில் உரசியே விமானம் நிற்க வேண்டியிருந்தது. லிங்கன் ஸ்டாண்டர்டு போன்ற 150 குதிரைத்திறன் விமானம் இதைவிட மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் விலை, பழுதுச் செலவு, இறங்குமிடம் ஆகிய மூன்றையும் சேர்த்து எடைபோட்டால், கையிருப்புக் குறைந்த ஒருவருக்கு ஜென்னியே பொருந்தியது. விமானத்தின் வகையைப் பொறுத்தவரை லிண்ட்பெர்க்கின் முடிவில் குறைகாண இயலாது. குறை வேறிடத்தில் உள்ளது: விமானத்தை விலைக்கு வாங்கிய அன்று அதன் உரிமையாளர் ஒருமுறைகூடத் தனியே பறந்ததில்லை, ஏறத்தாழ ஆறு மாதமாக விமானத்தைத் தொட்டதுமில்லை, இவ்வுண்மையை அவர் களத்திலிருந்தோரிடம் சொல்லவுமில்லை.

விளைவு உடனே தெரிந்தது. முதல் முயற்சியில் சில அடி உயரம் எழுந்ததுமே வலப்புற இறக்கை தாழ, எரிபொருளைக் குறைத்து ஒற்றைச் சக்கரத்தில் மோதியவாறு இறங்கினார். அதைக் கண்ட விமானி ஒருவர் தாமாகவே முன்வந்து உடன் அமர்ந்து, சில முறை ஏற்றியிறக்கிக் காட்டினார். அன்று மாலை காற்று அடங்கியபின் லிண்ட்பெர்க் தனியே எழுந்து 4,500 அடி வரை சென்று திரும்பினார். ஊர் பெயர் தெரியாத ஒருவரின் நல்லெண்ணமே இங்கே பயிற்சி நிறுவனமாக நின்றது என்பதை வீரக்கதையாகச் சொல்வோர் அதிகம். அதை அதிர்ஷ்டம் என்று எழுதுவதே நேர்மை.

1923 மே 17

ஏறத்தாழ ஐந்து மணி நேரப் பழக்கத்திற்குப் பின் அலபாமாவின் மான்ட்கோமரி நோக்கிப் புறப்பட்டார். சுமார் 140 மைல் தொலைவு கொண்ட இதுவே அவருடைய முதல் நெடுந்தொலைவுத் தனிப்பறப்பு. அடுத்து மிசிசிப்பியில் வழி தவறி, மேபன் என்னும் சிற்றூரின் மேய்ச்சல் நிலத்தில் இறங்கியபோது, புல் மறைத்திருந்த பள்ளத்தில் சக்கரம் விழுந்து சுழல்விசிறி உடைந்தது. மாற்று விசிறி வந்து சேர்ந்தபின், அதே ஊராரை ஆளுக்கு 5 டாலர் கட்டணத்தில் வானில் ஏற்றிச் செலவை மீட்டார். வழியறிதல், அதாவது திசைகாட்டியையும் வரைபடத்தையும் கொண்டு தன்னிடத்தைக் கணிக்கும் கலை, அவருக்கு எவராலும் முறையாகக் கற்பிக்கப்படவில்லை என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

1923 அக்டோபர்

செயின்ட் லூயிஸ் நகரின் லாம்பர்ட் களத்தில் நடந்த பன்னாட்டு விமானப் பந்தயங்களைக் காணச் சென்றார். புதிய இராணுவ விமானங்களோடு ஒப்பிடுகையில் ஜென்னி எவ்வளவு பழையது என்பது அங்கே கண்கூடாகியிருக்கும். அம்மாதமே அயோவாவில், தம்மிடம் பறத்தல் கற்ற ஒருவருக்கு அதை விற்றார்.

1924 மார்ச் 19, புரூக்ஸ் ஃபீல்டு, சான் அன்டோனியோ

முந்நூறு மணி நேரத்துக்கு மேல் தனியே பறந்திருந்த ஒருவர், இராணுவ விமானப் படையில் பயிற்சி மாணவராக மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். ஆற்றல்மிக்க எஞ்சின் பொருத்திய விமானங்களை ஓட்ட வேறு வழி அவரிடம் இல்லை என்பது வெளிப்படையான காரணம். ஆனால் இராணுவம் அவருக்கு அளித்த பெரும்பேறு விமானமன்று, வகுப்பறையே. காற்றியக்கவியல், வானிலை, எஞ்சின் அமைப்பு, வழியறிதல், வான்வழி ஒளிப்படம் என்று பாடங்கள் விரிந்தன. ஒளிப்படப் பாடத்தின் முதல் தேர்வில், தேர்ச்சிக்கு 70 தேவைப்பட்ட இடத்தில், அவர் பெற்றது 72. பல்கலைக்கழகத்தில் படிப்பை உதறிய அதே இளைஞர், இதன்பின் இரவு நெடுநேரம் விழித்திருந்து படிக்கும் பழக்கத்தை மேற்கொண்டார். கற்பவர் தமக்கு வேண்டியது எதுவென்று தாமே கண்டுகொண்டபின் பாடத்தை அணுகினால் நிகழும் மாற்றத்திற்கு இதைவிடத் தெளிவான சான்று விமான வரலாற்றில் அரிது.

1925 மார்ச், கெல்லி ஃபீல்டு

பயிற்சியின் இரண்டாம் பகுதி, 400 குதிரைத்திறன் லிபர்டி எஞ்சின் பூட்டிய டிஎச்-4, பின்னர் எஸ்இ-5 போர் விமானம் என்று உயர்ந்தது. பயிற்சி நிறைவுக்குச் சில நாள் முன்பு, போர்ப் பயிற்சிப் பறப்பின்போது இரண்டு எஸ்இ-5 விமானங்கள் வானில் மோதிப் பின்னிக்கொண்டன. லிண்ட்பெர்க்கும் மற்ற விமானியும் பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினர். தொடக்கத்தில் சேர்ந்த 104 மாணவரில் இறுதிவரை நின்றோர் 18 பேர்; அவர்களுள் முதலிடம் அவருக்கு.

1926 ஏப்ரல் 15, செயின்ட் லூயிஸ்

ராபர்ட்சன் நிறுவனத்தின் தலைமை விமானியாகச் சிகாகோவுக்கு அஞ்சல் விமானச் சேவையைத் தொடங்கினார். ஜென்னி அவருக்கு வாழ்வும் பறத்தல் நேரமும் தந்தது. ஆனால் பின்னாளில் அவர் நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை ஏறத்தாழ 33½ மணி நேரம் தனியே வழிகண்டு பறந்து சென்ற திறனுக்கான அடித்தளம் டெக்சாஸ் வகுப்பறைகளில் இடப்பட்டது. அவரை முன்மாதிரியாகக் கொள்ளும் பயிற்சி விமானிகள் 1923 மே மாதத்தை வாசித்துவிட்டு விட்டுவிடலாம். பின்பற்றத்தக்கது 1924 மார்ச்.